திண்ணையில் அமர்ந்து கேட்டவர்கள்

இவ்வாரத் தியானப் பகுதி: யாத்திராகமம் 1:15–21



யாத்திராகமத்தின் முதலாம் அதிகாரத்தில் ஒரு விந்தை உண்டு. எகிப்தின் ராஜா அங்கே பேசுகிறான், கட்டளையிடுகிறான், கோபிக்கிறான். ஆனால் அவனுடைய பெயர் எழுதப்படவில்லை. பார்வோன் என்பது பட்டமேயன்றிப் பெயரன்று. அவன் எந்தப் பார்வோன் என்று வேத அறிஞர்கள் இன்றளவும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே அதிகாரம் இரண்டு மருத்துவச்சிகளின் பெயர்களை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறது: சிப்பிராள், பூவாள். எந்த வீட்டில் யார் கர்ப்பவதி, எந்தக் குழந்தை எப்போது பிறந்தது, பிறந்தது பிழைத்ததா என்பதையெல்லாம் அரண்மனை அறிய வேண்டுமானால் இவ்விருவரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அவர்கள் சொன்ன விடையை ராஜா ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. பிரசவ அறைக்குள் அவனுக்கு வேறு கண்கள் இல்லை.

இந்த வேதபகுதியை வைத்துக்கொண்டு வேலூரைப் பற்றி எழுத விரும்புகிறேன். வேலூர் என்றவுடன் உங்களுக்கு ஐடா ஸ்கடர் அம்மையாரும், திண்டிவனத்தில் ஒரே இரவில் கதவைத் தட்டிய மூன்று கணவர்களும் நினைவுக்கு வந்திருப்பார்கள். மருத்துவ ஊழியத்திற்கென ஒதுக்கப்படும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நம் பிரசங்க பீடங்களிலிருந்து சொல்லப்படும் வரலாறு அது. ஆண் மருத்துவர் தம் மனைவியரைத் தொடலாகாது என்று மூவரும் மறுத்தார்கள். விடிவதற்குள் மூன்று தாய்மாரும் இறந்தார்கள். ஊழியத்திற்கு வரவே மாட்டேன் என்றிருந்த இளம்பெண் மருத்துவம் படிக்கத் தீர்மானித்தாள். பெரும்பாலும் நாம் வரலாற்றை அங்கேயே நிறுத்திவிடுகிறோம். அழைப்பின் இரவு உருக்கமானது; அதற்குப் பின் வந்த நூறு ஆண்டுகளின் உழைப்போ உருக்கமானதன்று, ஏடும் எழுதுகோலுமாய் நடந்தது. என் எண்ணத்தில், அந்த இரவைவிடப் பெரிய அற்புதம் அந்த உழைப்பில்தான் இருக்கிறது.

ஐடா அம்மையார் 1899ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1902ல் மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை எழுந்தது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் ஆரம்பித்தது 1918ல். இந்த ஆண்டு வரிசையில் பலரும் தாண்டிச் சென்றுவிடும் ஓர் ஆண்டு உண்டு: 1909. செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிய ஆண்டு அது. அமெரிக்கச் செவிலியரான டெலியா ஹௌட்டன் அம்மையார் அப்பணியைப் பொறுப்பேற்று நடத்தினார். மருத்துவர்களை உருவாக்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே வேலூர் செவிலியரை உருவாக்கத் தொடங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

அது எளிதான காரியமன்று. பிறருடைய இரத்தத்தையும் மலத்தையும் தொட வேண்டிய வேலை. இரவில் வீட்டைவிட்டு வெளியே தங்க வேண்டிய வேலை. எந்தச் சாதியாரின் உடலாயினும் கழுவித் துடைக்க வேண்டிய வேலை. மரியாதையுள்ள குடும்பம் என்று தன்னை எண்ணிக்கொண்ட எந்தக் குடும்பமும் அக்காலத்தில் தன் மகளை அதற்கு அனுப்பவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் மிஷன் விடுதிகளில் வளர்ந்த கிறிஸ்தவப் பெண்கள். அவர்களுள் விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் உண்டு. தாழ்வென்று ஒதுக்கப்பட்ட வேலையை, ஒதுக்கப்பட்ட பெண்களே கல்வியாக்கிக் காட்டினார்கள். இன்று நம் சபைகளில் செவிலியராகப் பணிபுரியும் மகள் இல்லாத தெருவே இல்லை என்னுமளவிற்கு இது பெருகியிருக்கிறது. நம் வீடுகளில் எத்தனையோ கூரைகள் ஓடாகவும், ஓடுகள் மாடியாகவும் மாறியது அந்தச் சம்பளத்தால்தான். அதை நாம் மறந்துவிட்டு, "நர்ஸ் வேலைதானே" என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமுண்டு.

தொடக்கத்திலிருந்தே இப்பயிற்சி மருத்துவமனைச் சுவர்களுக்குள் அடங்கியிருக்கவில்லை. குடியாத்தம் சாலையில் முதலில் மாட்டுவண்டியிலும் பின்னர் ஒரு பெஜோ காரிலும் ஐடா அம்மையார் சென்றபோது, மரநிழல்களே மருந்தகங்களாயின. சாலையோரத்தில் குஷ்டரோகிகளும் கண்நோயாளரும் கைக்குழந்தைத் தாய்மாரும் காத்திருந்தார்கள். புண்ணைக் கட்டுவதோடு, அந்தப் புண் எந்த வீட்டிலிருந்து எந்தத் தண்ணீரிலிருந்து வருகிறது என்று கேட்கவும் அவ்விடத்தில்தான் செவிலியர் கற்றுக்கொண்டார்கள்.

இங்கே ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைச் சற்று நினைக்க வேண்டும். கையில் விளக்கேந்திய தேவதையாக மட்டுமே நாம் அவரை அறிந்திருக்கிறோம். அவரோ புள்ளிவிவரப் பேராளர். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860ல் செவிலியர் பள்ளியை நிறுவிய அதே காலத்தில், இந்தியாவிலிருந்த படைமுகாம்களுக்குக் கேள்விப் படிவங்களை அனுப்பி, வந்த விடைகளை மூட்டை மூட்டையாகப் பெற்று ஆராய்ந்துகொண்டிருந்தார். 1863ல் வெளியான அரச ஆணையத்தின் அறிக்கை, இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுள் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துவந்தார்கள் என்று காட்டியது. அவர்களைப் பெருவாரியாகக் கொன்றது போர்க்களமன்று, சாக்கடையும் குடிநீரும். இந்தியாவிற்கு ஒருமுறைகூட வராத அம்மையார் தம் அறையிலிருந்தபடியே இதைக் கண்டறிந்து, பின்னர் நம் கிராமங்களின் சுகாதாரத்திற்காகவும் பல்லாண்டுகள் வாதாடினார். நோயாளியைப் பராமரிப்பதும் மரணங்களை எண்ணுவதும் அவருக்கு இரண்டு வேலைகளல்ல.

நம் தேசம் இந்தப் பாடத்தைக் கற்கத் தாமதித்தது. 1946ல் போர் குழு தன் அறிக்கையை அளித்தபோது, பிரிட்டிஷ் இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியரே இருந்தார். 6,300 பேருக்கு ஒரு மருத்துவர். மருத்துவரைவிடச் செவிலியர் அரிதாயிருந்த நாடு இது! (சர் ஜோசப் போர் என்பவர் குழுவின் தலைவர், சண்டையைக் குறிக்கும் சொல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அதே 1946ல் செவிலியர் கல்வி முதன்முறையாகப் பல்கலைக்கழகப் பட்டமாயிற்று. தில்லியிலும் வேலூரிலும் அவ்வாண்டில் பி.எஸ்சி. வகுப்புகள் தொடங்கின. படுக்கையருகே மருத்துவர் சொல்வதைச் செய்தால் போதும் என்றிருந்த நிலை மாறி, ஏன் என்று கேட்கவும், கண்டதை எழுதவும், எழுதியதைக் காத்து நிற்கவும் ஒரு பெண்ணுக்குக் கல்வித் தகுதி வந்தது. சமுதாயச் சுகாதாரம் அக்கல்வியின் அங்கமாயிற்று. மாணவிகள் வார்டிலிருந்து கிராமத் தெருவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்தத் தெருக்களில் ஒன்றுக்கு இப்போது செல்வோம்.

வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி ஒன்றியம் இருக்கிறது. எண்பத்தைந்து கிராமங்கள், ஏறத்தாழ ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள். பாகாயத்திலுள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறை பல்லாண்டுகளாக இவ்வொன்றியத்தில் ஊழியம் செய்துவருகிறது. அதன் அடித்தளம் கிராமத்திலேயே வாழும் ஒரு பெண், பகுதிநேரச் சுகாதாரப் பணியாளர். அவர் வீடுவீடாகச் சென்று, கர்ப்பம், பிறப்பு, இறப்பு, ஊரைவிட்டுப் போனவர், ஊருக்கு வந்தவர் ஆகிய விவரங்களைக் குறிக்கிறார். அவருக்கு மேல் ஒரு சுகாதார உதவியாளர். அவருக்கு மேல் சமுதாயச் செவிலியர். அதற்கும் மேல் மருத்துவர். ஒருவர் எழுதியதை அடுத்தவர் நேரில் சென்று சரிபார்க்கிறார். மேலைநாட்டு மருத்துவமனைகளில் இருக்கும் பெரிய கருவிகள் இந்த ஏற்பாட்டுக்குத் தேவையில்லை. தேவைப்படுவது, கதவு திறக்கப்படும் அளவிற்கு ஊராரின் நம்பிக்கையைப் பெற்ற ஒரு பெண்.

இப்படிப்பட்ட பொறுமையால் வேலூர் உலகத்திற்குக் கற்பித்தவை பல. ஒன்றை மட்டும் சொல்லிக் கடந்துபோகிறேன். பீடி சுற்றும் குடும்பங்கள் நிறைந்த வேலூர் நகரத் தெருக்களில் 2002 முதல் 452 குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து களப்பணியாளர்கள் தொடர்ந்து சந்தித்தார்கள். மூன்று ஆண்டுகள் முடியுமட்டும் 373 பிள்ளைகள் அவர்களுடைய ஏட்டில் நிலைத்திருந்தார்கள். ககன்தீப் காங் தலைமையிலான அந்த ஆய்வு 2011ல் வெளிவந்தது. ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு ஓரிரு முறை வந்துவிட்டால் பிறகு குழந்தைக்குக் கடுமையாக வராது என்று வேறு நாடுகளில் கண்டது இங்கே பொருந்தவில்லை. மூன்று முறை தொற்றிய பின்பும் பாதுகாப்பு 79 விழுக்காடே. பிற நாட்டுப் பிள்ளைகளின் கணக்கை நம் பிள்ளைகள்மேல் சுமத்தலாகாது என்பது நிரூபணமாயிற்று. பின்னர் இந்தியாவிலேயே உருவான ரோட்டா தடுப்புமருந்து தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது; 2016ல் ரோட்டா தடுப்புமருந்து தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெறத் தொடங்கியது.

ஆனால் நான் உங்களிடம் பேச வந்தது இதைவிடக் கடினமான ஒன்று. இளையோரின் தாய்தகப்பன்மார் பொறுமையோடு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நம் கிராமங்களில் மரணங்கள் பலவும் வீட்டிலேயே நிகழ்கின்றன. மருத்துவர் பார்ப்பதில்லை, காரணம் எழுதப்படுவதில்லை. இத்தகைய இடங்களில் மரணத்தின் காரணத்தை அறிய ஒரு முறை உண்டு. துக்கம் சற்று அடங்கிய பின் பயிற்சி பெற்ற ஒருவர் அவ்வீட்டிற்குச் சென்று, திண்ணையிலோ உள்ளறையிலோ அமர்ந்து, இறுதி நாட்களில் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிவார். இதை வாய்மொழி மரண ஆய்வு என்பார்கள். பெயர்தான் கடுமையானது, செயலோ துக்கம் விசாரிப்பதற்கு மிக நெருக்கமானது. எப்போது பேச வேண்டும், எப்போது வாய்மூடியிருக்க வேண்டும், மாமியார் முன்னிலையில் எதைக் கேட்கக்கூடாது, கேட்டதை வெளியே சொல்லாமல் எப்படிக் காப்பது என்பதெல்லாம் நல்ல செவிலியர் கல்வியின் பாடங்கள். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாட்கள் அந்தப் பாடத்தில் தேறினார்கள். வாய்திறந்த பின்பே தவறினார்கள்.

கணியம்பாடியில் 1994 முதல் 1999 வரை நிகழ்ந்த இறப்புகளை இம்முறையில் ஆராய்ந்து, ஆபிரகாம் ஜோசப், ஜெயப்பிரகாஷ் முளியில், கே. எஸ். ஜேக்கப் உள்ளிட்டோர் 2003ல் ஒரு மருத்துவ ஏட்டில் வெளியிட்டார்கள். தற்கொலையால் இறந்தோர் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 95 பேர். அக்காலத்தில் காவல்துறைப் பதிவுகளைக்கொண்டு தேசம் சொல்லிக்கொண்டிருந்த எண் 10 அல்லது 11. அடுத்த ஆண்டில் இன்னொரு கட்டுரை வந்தது. 1992 முதல் 2001 வரையான பத்தாண்டுகளில் 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரை மட்டும் அது ஆராய்ந்தது. பையன்களில் லட்சத்திற்கு 58. பெண்பிள்ளைகளில் 148. அவ்வயதில் இறந்த பெண்பிள்ளைகளில் பாதிக்கும் முக்கால் பங்கிற்கும் இடைப்பட்டோர் இவ்விதமாகவே போயிருந்தார்கள்.

அந்த எண்களை முதன்முறை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். தொலைதூரத்து மக்களைப் பற்றிய கணக்கன்று இது. கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றுகிறவர்களும், ஊர்த் திருவிழாவிற்கு வந்துபோகிறவர்களும், நம்மைப் போன்ற தமிழ்க் குடும்பங்களும்தான் அதில் இருக்கின்றன. கணியம்பாடிப் பிள்ளைகள் மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிட மனம் உடைந்தவர்களென்று எண்ணவும் நியாயமில்லை. அங்கே கேட்டார்கள், அதனால் தெரிந்தது. பின்னர் தேசமெங்கும் வீடுவீடாகச் சென்று இதே முறையில் நடத்தப்பட்ட பேராய்வு, 2010ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தோர் ஏறத்தாழ 1,87,000 என்று மதிப்பிட்டது. காவல்துறைக் கணக்கோ சுமார் 1,35,000.

ஏன் மறைந்தது? சட்டம் ஒரு காரணம். தற்கொலை முயற்சி அக்காலத்தில் தண்டனைக்குரிய குற்றம். காவல்நிலையமும் பிரேதப் பரிசோதனையும் குடும்பத்தை அச்சுறுத்தின. (2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அந்நிலையை மாற்றி, அத்தகையவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றது.) தங்கைக்குத் திருமணம் ஆக வேண்டுமே என்ற கவலை இன்னொரு காரணம். ஆகவே "வயிற்றுவலி தாங்காமல்" என்ற வாசகம் பிறந்தது. தமிழ் நாளிதழ் வாசிப்போர் அனைவரும் அவ்வாசகத்தின் உட்பொருளை அறிவார்கள். அறிந்தும் அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள்.

மூன்றாவது காரணம் நம்மைச் சார்ந்தது. 1662ஆம் ஆண்டின் பொது ஜெபப்புத்தகம், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோருக்கு அடக்க ஆராதனை முறைமையைப் பயன்படுத்தலாகாது என்று குறிப்பிட்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக நம் முன்னோர் அந்த நூலைக் கையில் பிடித்தே ஆராதித்தார்கள். அதன் நிழல் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. மணி அடிக்கலாமா, கல்லறைத் தோட்டத்தின் எந்த மூலையில் இடம் கொடுக்கலாம் என்று சபைக் கமிட்டிகளில் நடந்த பேச்சுகளை வயதானவர்கள் அறிவார்கள். அடக்கப் பதிவேட்டில் மரணக் காரணத்தை எழுதுவதற்கென ஒரு கட்டம் உண்டு. அக்கட்டத்தில் உண்மையைச் சொன்னால் மகளுக்கு ஜெபம் கிடைக்காது என்று அஞ்சும் தகப்பன் என்ன சொல்வான்? காய்ச்சல் என்பான். ஆயர் அதை எழுதுவார். ஒரு பெண்பிள்ளை இரண்டாம் முறையும் காணாமற்போவாள்.

எண்ணுதல் பாவமென்று நம்மில் சிலர் நினைப்பதுண்டு. தாவீது ஜனங்களை எண்ணியதால் வந்த வாதையை 2 சாமுவேல் 24ல் வாசிக்கிறோம். ஆனால் அந்த அதிகாரத்தைக் கவனித்துப் பாருங்கள். யோவாப் திரும்பிவந்து ராஜாவுக்குக் கொடுத்தது பட்டயம் உருவத்தக்க யுத்தவீரரின் தொகை. தன் பலத்தை அளந்து பார்ப்பதற்கான கணக்கு அது. லூக்கா 15ல் இன்னொரு கணக்கு இருக்கிறது. மேய்ப்பனுக்கு ஒன்று குறைகிறது என்பது எப்படித் தெரிந்தது? தொண்ணூற்றொன்பதையும் எண்ணியதனால் தெரிந்தது. எண்ணாத மேய்ப்பனுக்கு எந்த ஆடும் தொலைவதில்லை. இவ்வுவமையை எழுதிவைத்தவர் மருத்துவன் என்று பவுல் குறிப்பிடும் லூக்கா. எல்லாவற்றையும் ஆதிமுதல் திட்டமாய் விசாரித்தறிந்து எழுதுவதாகத் தம் சுவிசேஷத்தின் முகப்பிலேயே சொல்பவர்.

கணக்கு தெரிந்தால்தான் காரியம் நடக்கும். தேர்வில் தவறிய பிள்ளை ஓர் ஆண்டை இழக்காமல் உடனே துணைத்தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு நம் மாநிலத்தில் இருக்கிறது. தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் எத்தனை வீடுகள் விளிம்பில் நிற்கின்றன என்பதை உணர்ந்தவர்கள் இருந்ததால் அது சாத்தியமாயிற்று. இலங்கையில், கொடிய பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்த பின், 1995க்கும் 2005க்கும் இடையில் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. அந்தக் கணத்தைக் கடந்துவிட உதவி கிடைத்தால் பலர் பிழைத்து வாழ்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? விசுவாசம் குறைந்ததால் வந்தது என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் இந்த எண்களுக்கு விடை சொல்லட்டும்.

ஒரு குறை எனக்கு உண்டு. அக்கட்டுரைகளின் தலைப்பில் மருத்துவர்களின் பெயர்கள் இருக்கின்றன, அது முறையே. தெருத்தெருவாக நடந்து, அழுகிற தாயின் அருகே அமர்ந்து, மற்ற எவரிடமும் சொல்லாததை அவள் சொல்லக் கேட்ட கிராமத்துப் பெண்களின் பெயர்கள் அங்கே இல்லை. மோசே அவர்களை எழுதியிருப்பார்.

இனி நம் சபைக் காரியம். அடக்கப் பதிவேட்டைப் பற்றியும், துக்க வீடுகளைச் சந்திக்கும் முறையைப் பற்றியும் பேசுவதற்காக, நம் சபையில் செவிலியராகப் பணிபுரிகிறவர்கள், ஓய்வுபெற்றவர்கள், செவிலியர் கல்லூரியில் படிக்கும் மாணவ மாணவிகள் அனைவரையும் வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஆலய வளாகத்தில் சந்திக்க விரும்புகிறேன். நான் பேசப்போவதில்லை, அவர்கள் சொல்லக் கேட்கப்போகிறேன். பெண்கள் ஐக்கியச் செயலாளரும் வாலிபர் சங்கத் தலைவரும் உடனிருப்பார்கள். இதற்கிடையில் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒருவர் வாழ்வை வெறுத்துப் பேசினால் காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல் எந்நேரமும் என்னை அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, இரவும் பகலும் தமிழில் பேசலாம். இந்த எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையிலும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.